அறுபத்தொன்றுக்குப் படைத்த பொங்கல்

சாணத்தைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டால் செல்வராசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாணத்தில் என்ன அருவருப்பு இருக்கிறது? மாடு நேற்று என்ன தின்றது, தின்றது செமித்ததா, தண்ணீர் போதுமா என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. குளித்து முழுகி, வாசனை பூசி, பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்து வாய் கூசாமல் பொய் சொல்வது மனிதர்கள்தான். அந்த வரிசையில் தானும் நிற்பதை நினைக்கும்போது அவருக்குத் தன்மீதே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும்.

ஹம்பேர்க்குக்குத் தெற்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் வரும் கிராமமொன்றில், ஹார்ம்ஸ் என்ற ஜேர்மன்காரரின் பண்ணையில் அவருக்கு ஏழு வருடமாக வேலை. முப்பத்தொன்பது கறுப்பு மாடுகள். கொம்பு கிடையாது, கட்டைக் கால்கள், பீப்பாய் வயிறு. ஒன்றைக்கூட யாரும் கறப்பதில்லை. கன்று தாயிடம் குடித்து வளரும், வளர்ந்ததும் லொறி வரும். இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள், அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் செல்வராசாவுக்கும் மனைவி கமலநாயகிக்கும் ஏழு வருடமாக வாய் வரவில்லை.

“பால் பண்ணையில வேலை” என்று கமலநாயகிதான் முதலில் கோயிலில் சொல்லிவைத்தாள். “இறைச்சி மாடு எண்டு தெரிஞ்சால் எங்கட வீட்டில ஒருத்தரும் பச்சைத் தண்ணியும் குடியாயினம்” என்பது அவளுடைய பயம். பொய்யைச் சொல்லிவிட்டால் அது சும்மா கிடக்குமா, அதற்கும் தீனி போட வேண்டியிருந்தது. அபிஷேகத்துக்குப் பண்ணைப் பால் கொண்டுவாருங்கள் என்று கோயிலில் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டிப் பால் வாங்கி, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக வெட்டி எவர்சில்வர் வாளிக்குள் ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். “பண்ணைப் பால் எண்டால் பண்ணைப் பால்தான், மணமே வேறை” என்று தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயச்சந்திரன் ஒருமுறை மைக்கில் அறிவித்தார். செல்வராசா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து வெறும் பெட்டிகளை மடித்துக் குப்பைக்குள் ஒளிக்கும்போது வயிற்றைக் குமட்டியது.

பண்ணை வேலையில் அவருக்கு அந்தக் குமட்டல் ஒருநாளும் வந்ததில்லை. குளிர்காலத்திலும் ஹார்ம்ஸின் மாடுகள் வெளியில்தான் நிற்கும். காற்றை மறிக்கப் பைன் மரங்கள், அடியில் வைக்கோல், அதற்கு மேல் அவற்றின் சொந்த மயிர். குளிர் மாட்டைக் கொல்லாது, பசியும் ஈரமும்தான் கொல்லும் என்று ஹார்ம்ஸ் முதல் வருடமே சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் போனதும் தண்ணீர்த் தொட்டியின் ஐஸை உடைக்க வேண்டும். கோடையில் அறுத்து பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்கவைத்த புல் உருளைகளில் ஒன்றைப் பிரிக்க வேண்டும். காகம் கொத்திய ஓட்டை வழியாகக் காற்றுப் போன இடமெல்லாம் நீலமும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்து, பழைய செருப்பு நாற்றம் நாறும். அந்தப் பகுதியைக் கையால் பிய்த்துத் தூர எறிந்துவிட்டுத்தான் மிச்சத்தை இரும்புக் கம்பித் தீனி வளையத்துக்குள் போடலாம். வளையத்தை நாலு நாளைக்கொருமுறை இடம் மாற்றாவிட்டால் சுற்றிவரச் சேறாகி, மாட்டின் குளம்பும் அழுகும், அடுத்த வருடப் புல்லும் போய்விடும். பேன் பிடித்த மாடு மரத்தில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சொட்டையாக்கும். அதற்கு மருந்து ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். குளிர்கால மயிர் பொல்லாதது, எலும்பும் தோலுமான மாட்டைக்கூடக் கொழுத்ததாகக் காட்டிவிடும்.

அப்படி அழுத்திப் பார்த்தபோதுதான் ஐப்பசியில் ஹார்ம்ஸின் கை அறுபத்தொன்றின் விலாவில் நின்றது. காதில் 61 என்று மஞ்சள் தகடு குத்திய கிழட்டு மாடு அது. வயது பதினொன்று, பல் தேய்ந்துவிட்டது. “எலும்புதான் இருக்கிறது. குளிருக்கு முன்னர் லொறியில் ஏற்றிவிடுவோம்” என்றார் ஹார்ம்ஸ்.

செல்வராசா எந்த மாட்டுக்கும் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்துவிட்டு லொறியில் ஏற்றிவிட அவரால் முடியாது. ஆனால் அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது. வயிற்றில் கன்று இருக்கிறது, பங்குனியில் போடும், இந்தக் குளிரை மட்டும் தாண்டவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் போட்டுக் கெஞ்சினார். ஹார்ம்ஸ் மாட்டின் விலாவிலிருந்து கையை எடுத்தார். “சரி, உன் பொறுப்பு. கன்று எழும்பி நின்று பால் குடிக்கிறவரை இவள் மெலியக் கூடாது. மெலிந்தால் அன்றைக்கே லொறி.”

அதிலிருந்து அறுபத்தொன்றுக்கு ராசமரியாதை நடந்தது. காலையில் மற்ற மாடுகள் வளையத்தில் முட்டுப்படும்போது, இவளைத் தனியாக ஒரு பட்டிக்குள் விட்டு, தேய்ந்த பல்லுக்கு ஏற்ற மெல்லிய காய்ந்த புல்லும், இடித்த பார்லி ஒரு கோப்பையும் கொடுத்தார். ஒரு கோப்பைதான், ஒரு பிடிகூட மேலதிகம் இல்லை. புல்லுக்குப் பழகிய வயிற்றுக்குள் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் உள்ளே எல்லாம் புளித்து அமிலமாகிவிடும், ஒரே நாளில் மாடு விழுந்துவிடும் என்று ஹார்ம்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அறுபத்தொன்று பார்லியைச் செல்வராசாவின் உள்ளங்கையிலிருந்து நக்கித் தின்னப் பழகினாள். மனிதக் கையைக் கண்டால் மந்தையை விட்டு முதலில் நடந்து வருகிற ஒரே மாடு அவள்தான். தை பிறக்கும்போது விலாவில் விரலை அழுத்தினால் எலும்புக்கு மேல் சதை தட்டுப்பட்டது. அன்று வீட்டுக்குப் போய், “சதை பிடிச்சிட்டாள், கமலம்! குளிரைத் தாண்டிடுவாள்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த 2006ஆம் ஆண்டுப் பட்டிப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அதுதான் வினை. அதற்கு முதல் வாரம் ஜெயச்சந்திரன் தொலைபேசி எடுத்தார். ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற மனிதர். கோயில், சங்கம், மேடை எதுவானாலும் முன்னால் நிற்க வேண்டும் அவருக்கு.

“செல்வராசா, போன முறை மட்டையில வெட்டின மாட்டுக்கு மாலை போட்டனாங்கள். பிள்ளையளே சிரிக்குதுகள். இந்த முறை உம்மட பண்ணையிலதான் பட்டிப்பொங்கல். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

“அண்ணை, இஞ்சை சரியான குளிர். மாடுகள் வெளியிலதான் நிக்குது. முழுக்கச் சேறு. உங்களுக்கு ஏலாது.”

“என்ன பெரிய சேறு! நாங்கள் சேத்துக்கை பிறந்த ஆக்களடாப்பா.”

இல்லை என்று சொல்ல ஏழு வருடமாக அவருக்கு ஒரு வழி இருந்தது. இவை இறைச்சி மாடுகள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு குஞ்சும் அந்தப் பக்கம் வந்திருக்காது. செல்வராசா அதைச் சொல்லவில்லை. ஹார்ம்ஸிடம் போய், எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் மாடு பார்க்க வருகிறார்கள் என்றார். ஹார்ம்ஸ் அன்றைக்குத் தமக்கையின் பிறந்தநாளுக்குப் போகவிருந்தார். “பார்க்கட்டும். வேலிக்கு வெளியில் நிற்கட்டும்” என்றார்.

பதினொரு கார்களில் வந்து இறங்கினார்கள். சேற்றில் பிறந்த ஆட்கள் சப்பாத்துக்கு மேல் கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி முடிந்துகொண்டு நடந்தார்கள். “சீ, என்ன நாத்தம்” என்று பட்டுச் சாறித் தலைப்புகள் மூக்குக்குப் போயின. ஜெயச்சந்திரன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, பசு நமக்குத் தாய், அதன் உடம்பில் முப்பத்து முக்கோடி தேவர்களும் குடியிருக்கிறார்கள் என்று பேச்சு வைத்தார். தேவர்கள் குடியிருக்கிற உடம்பின் பக்கத்தில் போக ஒருவருக்கும் மனமில்லை. “கறக்கிறது எங்கை?” என்று யாரோ கேட்டார்கள். “உள்ளுக்கை” என்று செல்வராசா வாயில் வந்ததைச் சொன்னார்.

பட்டியோரத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கினார்கள். கோயில் பானை, பெரியது. “அண்ணை, மாட்டின்ர வாயில ஒரு பிடி பொங்கல். அவ்வளவுதான். வேறை ஒண்டும் குடுக்கக் கூடாது” என்று செல்வராசா இரண்டு தரம் சொன்னார். தலைவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பாதையில் இரண்டு கார்கள் சேற்றுக்குள் புதைந்துவிட்டன என்று ஆள் வந்தது. உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டுபோய், சங்கிலி போட்டு, இரண்டையும் இழுத்து ரோட்டில் விட முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

திரும்பி வந்தபோது தீனித் தொட்டியைச் சுற்றி வெறும் சாக்குகள் கிடந்தன. அரிசிமா ஒரு சாக்கு, அரிசிக் குறுணல் ஒரு சாக்கு, சர்க்கரைக் கட்டி ஒரு பெட்டி. ஜெயச்சந்திரனின் கடைச் சரக்கு. மாவுக்குள் வண்டு ஊர்ந்தது, நூல் நூலாகப் புழுக்கூடு தொங்கியது. விற்க ஏலாமல் குப்பைக்குப் போகவேண்டியதைக் காரில் ஏற்றிக்கொண்டுவந்து கோமாதாவுக்குப் படைத்துப் புண்ணியம் தேடியிருக்கிறார் மனிதர்! சாறிகளின் நிறத்தைக் கண்டு மிரண்டு மற்ற மாடுகளெல்லாம் வயலின் மறுகரைக்கு ஓடிவிட்டன. ஒன்றுதான் ஓடவில்லை. மனிதக் கையை நம்பப் பழகியிருந்த அறுபத்தொன்று தொட்டிக்குள் முகத்தை விட்டு, கண்ணிமை வரை மா அப்பி, ஆனந்தமாக நக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் செவ்வந்தி மாலை. நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வராசா ஓடிப்போய்த் தொட்டியைப் புரட்டினார். முக்கால்வாசி முடிந்துவிட்டது.

“என்ன அண்ணை செய்திட்டியள்! இவ்வளவு மாவும் மாட்டுக்கு ஆகாது. செத்துப்போம்!”

“அரிசி திண்டு மாடு சாகுமே? ஊரில தவிடும் கஞ்சித்தண்ணியும் எவ்வளவு வைச்சனாங்கள்” என்று ஜெயச்சந்திரன் சனத்தைப் பார்த்துச் சிரித்தார். “உமக்கு வெள்ளைக்காரனோட நிண்டு ஊர் மறந்துபோச்சு.” சனமும் சிரித்தது. கமலநாயகி கூட்டத்துக்குள் நின்று, பேசாமல் இருங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள்.

அப்போது அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வாய் கசக்கும். மிருக வைத்தியரின் இலக்கம் அவருடைய தொலைபேசியில் இருந்தது. எடுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் வைத்தியர் வந்தால் ஹார்ம்ஸுக்குத் தெரியும், இங்கே நிற்கிற சனத்துக்கு முன்னாலும் எல்லாம் நாறும். எல்லாரும் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வாழையிலை போட்டுப் பொங்கல் பரிமாறினார்கள். தலைவர் பக்கத்தில் இருத்தி, “பண்ணைக்காரருக்கு இன்னும் வையுங்கோ” என்றார். செல்வராசா தின்றார். இருபதடி தள்ளி அறுபத்தொன்று அசை போடாமல் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே தின்றார்.

கடைசிக் கார் போகப் பின்னேரம் நாலு மணி. அதற்குள் அறுபத்தொன்று வெறிகாரரைப்போலக் கால் பின்ன நடந்து, வைக்கோலில் சரிந்துவிட்டாள். இடது வயிற்றில் கையை வைத்து அமத்தினால் உள்ளே தண்ணீர்ப் பைபோல் களக் களக் என்றது. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் நுரைநுரையாகக் கழிந்துகொண்டிருந்தது. புளித்த மாவின் இனிப்பும் அழுகலும் கலந்த அந்த நாற்றத்தில், ஏழு வருடத்தில் முதல்முறையாக, செல்வராசாவுக்குச் சாணத்தைக் கண்டு குமட்டியது. கழிசலுக்குள் குறுணல் அப்படியே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. நான் இன்று என்ன தின்றேன் என்று மாடு இந்த முறையும் ஒளிக்காமல் சொன்னது. செல்வராசா வேலியைப் பிடித்துக்கொண்டு, தின்ற பொங்கல் முழுவதையும் வாந்தி எடுத்தார். பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

வைத்தியர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாகக் குழாயை வாயால் இறக்கி, மருந்து கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள், கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினாள். கையைக் கழுவிக்கொண்டே, “என்ன தின்றது? எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

அரிசிமா என்று செல்வராசா சொன்னார். காலை பதினொரு மணி என்றும் சொன்னார்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்தரை. “நண்பகலில் கூப்பிட்டிருந்தால் வயிற்றைத் திறந்து வெளியே எடுத்திருக்கலாம். இனி இரத்தத்தில் ஏறிவிட்டது” என்றாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள் விடியப் போனபோது அறுபத்தொன்று கால்களை நீட்டிக் கிடந்தாள். மூக்கோரத்தில் பனி உறைந்திருந்தது, மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. செத்த மிருகங்களை அள்ளுகிற லொறி பத்து மணிக்கு வந்தது. அதன் இரும்புக் கை ஒரு பின்னங்காலைக் கவ்வித் தூக்க, ஊதிய வயிறு ஒருபக்கம் தொங்கியது. அந்த வயிற்றுக்குள் இன்னும் இரண்டு மாதத்தில் எழும்பி நின்று பால் குடிக்கவேண்டிய கன்று இருந்தது.

ஹார்ம்ஸ் பக்கத்தில் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். லொறி போனபிறகு ஒன்றே ஒன்று கேட்டார். “வேண்டாம் என்று அவர்களிடம் ஏன் சொல்லவில்லை?”

பதில் இருந்தது. அதைச் சொன்னால் பெட்டிப் பாலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மொழியிலும் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. செல்வராசா குனிந்து, தொட்டியடியில் காய்ந்திருந்த மாவைச் சவளால் சுரண்டத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஜெயச்சந்திரன் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

“செல்வராசா, படங்கள் திறமா வந்திருக்கு! அந்த முன்னுக்கு வந்து சாப்பிட்ட மாடு, என்ன லட்சுமிகரமான முகம்! சங்கத்துக் கலண்டரில போடப்போறம். அதுக்கு என்ன பேர்?”

“பேர் இல்லை அண்ணை. அறுபத்தொண்டு.”

“என்னது?”

“காதில குத்தின நம்பர். அவள் நேற்று விடியச் செத்துப்போனாள், வயித்தில கண்டோட. நீங்கள் கொட்டின மா செமிக்காமல் செத்தவள். நானும் வைத்தியரைக் கூப்பிடாமல் உங்களோட இருந்து பொங்கல் திண்டனான்.” செல்வராசா நிறுத்தவில்லை. “இன்னும் ஒண்டு கேளுங்கோ. அது பால் மாடு இல்லை. அங்கை நிக்கிறது முழுக்க இறைச்சி மாடு.”

செல்வராசா காத்திருந்தார். ஐயோ என்று ஒரு சொல் வரும், ஒரு உயிர், இல்லை, இரண்டு உயிர் போயிற்றே என்று மனிதர் பதறுவார் என்று காத்திருந்தார். தன்னைக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

“இறைச்சி மாடோ? சீ!” என்றார் ஜெயச்சந்திரன். “அப்ப வெள்ளிக்கிழமையில தந்த பால்?”

“கடையில வாங்கின பெட்டிப் பால்.”

“அப்பாடா, கடைப்பால் எண்டால் பரவாயில்லை.” மூச்சு விடுவது கேட்டது. உடனே குரல் மறுபடி ஏறியது. “ஐயையோ, அந்தப் பானை! இறைச்சி மாட்டுக்குப் படைச்ச பானையை எல்லோ திருப்பிக் கொண்டந்து கோயில் சமையலறைக்கை வைச்சிருக்கிறம்! நேற்றும் அதிலதானே பிரசாதம் வைச்சது! ஆருக்கும் சொல்லிப்போடாதையும் செல்வராசா. நான் ஐயரிட்டைக் கேட்டு என்ன செய்யிறதெண்டு பாக்கிறன்.”

செல்வராசா தொலைபேசியை வைத்தார். அழுகிய புல்லையும் பேனையும் கழிசலையும் ஏழு வருடம் அளைந்த கை அது. ஒருநாளும் இப்படிக் கூசியதில்லை. காதையும் கையையும் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

கமலநாயகி கதவடியில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“இஞ்சருங்கோ, எல்லாத்தையும் சொல்லிப்போட்டியளே? மாடு செத்ததுக்கு அண்ணை என்ன சொன்னவர்?”

“பானையைக் கழுவ வேணுமாம்” என்றார் செல்வராசா.